குழாய் பின்னோக்கி இழுக்கும் தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வயிற்றோட்டமோ செங்கண்மாரியோ தலைகாட்டும்போதெல்லாம் எல்லோருடைய கவனமும் ஊற்றுக்கண் பக்கமே திரும்புகிறது. நீரேந்து பகுதிக்கு வேலி இருக்கிறதா, தாங்கி கழுவப்பட்டதா, குளோரின் போடப்பட்டதா என்று கேட்கிறோம். கேட்கவேண்டிய கேள்விகள்தான். ஆனால் ஊற்றிலும் தாங்கியிலும் சுத்தமாக இருக்கும் தண்ணீர், நாம் திறந்து குடிக்கும் அதே குழாய்களின் வழியாகவே கெட்டுப்போகக்கூடும் என்பதை, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் குடிநீர்ச் சங்கத்தில் ஒன்பது வருடங்களாகச் செயலாளராக இருக்கும் நான் கண்ணால் கண்டிருக்கிறேன். இதைப் பற்றிக் கூட்டங்களிலும் பேசுவதில்லை, ஒட்டப்படும் சுவரொட்டிகளிலும் ஒரு வரி இல்லை என்பதாலேயே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன், மாசி மாதத்தில் ஒருநாள் காலை, கீழ் லயனுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, செல்லும் பிரதான குழாய் பாதையோரத்தில் வெடித்துவிட்டதாகச் செய்தி வந்தது. தாங்கியடி வால்வைப் பூட்டிவிட்டு மேட்டு லயன் வழியாக இறங்கினேன். லயன் கோடியில் இருந்த பொதுக் குழாயில் பச்சை ஹோஸ் ஒன்று செருகப்பட்டு, அதன் மறுமுனை ஒரு நீலப் பெரலின் அடிவரை விடப்பட்டிருந்தது. அன்று அடிப்பதற்கான களைக்கொல்லியை அதில்தான் கலந்திருந்தார்கள். குழாய் திறந்தபடியே கிடந்ததால் பெரல் நிரம்பிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக் கிட்டப் போனேன். நிரம்பவில்லை, இறங்கிக்கொண்டிருந்தது. உட்புறத்தில் நான்கு விரல் அகலத்துக்கு ஈரமும் வெண்ணுரையும் ஒட்டியிருந்தன. ஹோஸைப் பெரலிலிருந்து உருவி அதன் வாயில் உள்ளங்கையை வைத்தேன். தோலைப் பிடித்து இழுத்தது. கீழே இருந்த நாற்பது குடும்பங்களின் குடிநீர்க் குழாய்க்குள் மருந்துத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

வீடு வீடாகப் போய்க் குழாய்களைத் திறக்க வேண்டாம் என்று சொன்னோம். உடைப்பைச் சரிசெய்த பின் இரண்டு நாட்கள் குழாய் முழுவதையும் அலசிவிட்டோம். அந்த இரண்டு நாளும் பெண்கள் பள்ளத்துப் பீலியிலிருந்து குடத்தில் சுமந்தார்கள். உள்ளே போனதில் பெரும்பகுதி உடைப்பு வழியாகவே வெளியேறியிருக்க வேண்டும்; யாருக்கும் எதுவும் நேரவில்லை. மருந்து கலந்த தொழிலாளியை நான் குறை சொல்லமாட்டேன். கொடுத்த அளவை முடிக்காவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், என்ற நிலையில் இருப்பவருக்கு, ஹோஸைப் பெரலுக்குள் போட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பதைத் தவிர வேறு வசதி செய்துகொடுக்கப்படவில்லை. குழாய் தண்ணீரைத் தரும், திருப்பி எடுக்காது என்றே எல்லோரையும் போல அவரும் நம்பியிருந்தார்.

அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு ஓடுவதே தண்ணீரின் இயல்பு. குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை விடக் குறைந்துவிட்டால், திறந்திருக்கும் வாய் எதுவோ அதன் வழியாக வெளியில் இருப்பது உள்ளே வரும். பொறியியலாளர்கள் இதைப் பின்னோட்டம் என்பார்கள். சமதரையில் இது அரிது. மலையில் அன்றாடம் நடக்கக்கூடியது. ஒவ்வொரு பத்து மீற்றர் உயர வித்தியாசமும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம் என்பதால், மேட்டு லயனுக்கும் பள்ளத்து லயனுக்கும் இடையே முப்பது மீற்றர் இருந்தால், கீழே குழாய் உடைந்தாலோ, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்தாலோ, இறங்கும் தண்ணீர் மேலே உள்ளதைப் பலமாக இழுத்துக்கொண்டு போகும். மேட்டு லயனில் இருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கமானது: குழாயைத் திறந்தால் தண்ணீர் வராமல் 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகும். வெறும் காற்றை இழுக்கும் மட்டும் பெரிய கேடில்லை. அந்த வாயில் ஹோஸ் இருந்தால், ஹோஸ் எதில் கிடக்கிறதோ அதை இழுக்கும்.

பெரல் குழாயை விடத் தாழ்வில்தானே இருக்கிறது, அது எப்படி மேலே ஏறும் என்று எங்கள் சங்கக் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். கடல் மட்டத்தில் இந்த உறிஞ்சல் தண்ணீரைப் பத்து மீற்றர் வரை உயர்த்தவல்லது. காற்றழுத்தம் குறைவான நுவரெலியா உயரத்தில்கூட எட்டு மீற்றர் அளவுக்கு அது ஏறும். தரையில் நிற்கும் பெரலுக்கும் இடுப்பளவு உயரத்தில் உள்ள குழாய்க்கும் இடையிலான தூரம் இதற்கு முன் ஒன்றுமே இல்லை.

ஹோஸ் ஒன்றுதான் வழி என்றும் இல்லை. நம் லயன்களில் பல இடங்களில் குடிநீர்க் குழாய் வாசலில் உள்ள கழிவுநீர்க் கானுக்குள்ளேயே போகிறது. அழுத்தம் இருக்கும்போது வெளியே கசியும் அதே ஓட்டை, அழுத்தம் விழுந்ததும் கான் தண்ணீரை உள்ளே இழுக்கும். நகரப் பகுதிகளில், வரட்சிக் காலத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, சிலர் பிரதான குழாயிலேயே நேரடியாக மோட்டார் பூட்டி இழுக்கிறார்கள். அந்த வீட்டுத் தாங்கி நிரம்பும், பக்கத்து வீட்டுக் குழாயோ உறிஞ்சத் தொடங்கும். இன்னும் சிலர் ஓடைத் தண்ணீர் வரும் குழாயையும் நீர் வழங்கல் சபையின் குழாயையும் ஒன்றாகப் பொருத்தி, நடுவில் ஒரு வால்வை மட்டும் வைத்துவிட்டுப் பயமில்லை என்று இருக்கிறார்கள்.

அந்த ஒரு வால்வை நம்பிக் கெட்ட ஊர் ஒன்று உண்டு. 2007 நவம்பரில், பின்லாந்தின் நொக்கியா நகரில், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் குடிநீர்க் குழாயையும் சுத்திகரித்த கழிவுநீர்க் குழாயையும் இணைத்திருந்த வால்வு தவறுதலாகத் திறந்துவிடப்பட்டதால், சுமார் 450,000 லீற்றர் கழிவுநீர் குடிநீரில் கலந்து ஆயிரக்கணக்கானோர் நோயுற்றார்கள். அதற்கு முன், 1969 இல், அமெரிக்காவின் வூஸ்டர் நகரில், அருகில் மூண்ட தீயை அணைக்கத் தண்ணீர் எடுத்தபோது குழாய் அழுத்தம் விழுந்து, விளையாட்டு மைதானத்துத் தெளிப்பான் குழிகளில் தேங்கியிருந்த அழுக்குத் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் ஏறியது. அதைக் குடித்த கல்லூரி அமெரிக்கக் கால்பந்து அணியில் 90 பேருக்குச் செங்கண்மாரிக் கிருமி தொற்றியது. லயன் தீ நமக்குப் புதிதல்ல. தீ பிடித்த லயனுக்கு எல்லாக் குழாய்களையும் திறந்து வாளி வாளியாக ஊற்றும் அந்த நேரத்தில், மேலே எந்தக் குழாயில் எந்த ஹோஸ் எதற்குள் கிடக்கிறது என்று யார் பார்க்கப்போகிறார்கள்?

கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்ற வழமையான அறிவுரை கிருமிக்குச் சரி. களைக்கொல்லி கலந்த தண்ணீரைக் கொதிக்கவைத்தால், தண்ணீர் வற்றுமே தவிர மருந்து போகாது. குழாய் முனையில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டிய குளோரினும் அதற்கு எதிராக எதையும் செய்யாது. ஆகவே உள்ளே வராமல் தடுப்பதுதான் வழி. அதற்கு மிக நம்பகமான ஏற்பாடு எந்த இயந்திரமும் இல்லாத ஓர் இடைவெளி: தண்ணீர் விழும் குழாயின் வாய், பாத்திரத்தின் விளிம்பிலிருந்து குழாய் விட்டத்தின் இரு மடங்காவது, எப்படியும் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல், மேலே இருக்க வேண்டும். அரையங்குலக் குழாய்க்கு இரண்டு விரல் அகலம் போதும். காற்றைத் தாண்டித் தண்ணீரை எந்தக் குழாயாலும் உறிஞ்ச முடியாது. வீட்டுத் தாங்கியின் மிதவை வால்வும் நீர்மட்டத்துக்கு மேலேயே திறக்க வேண்டும். நான் பார்த்த பல தாங்கிகளில் அது தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தது.

ஒருவழி வால்வு பொருத்தினால் போதாதா என்பார்கள். பொருத்துவது நல்லது, விலையும் அதிகமில்லை. ஆனால் மழைக்காலத்தில் நம் ஓடைத் தண்ணீரோடு வரும் மணல் ஒரு துகள் அதன் மூடியில் சிக்கினாலும் அது மூடாது. வருடத்துக்கு ஒரு முறையாவது கழற்றிப் பார்க்காத வால்வு இருந்தும் இல்லாதது போலத்தான். மருந்து கலக்கும் இடத்தில் அதை மட்டும் நம்பவே கூடாது.

எனவே தோட்ட நிர்வாகங்களிடம் நான் கேட்பது, மருந்து கலப்பதற்குக் குடிநீர்க் குழாயோடு எந்தத் தொடர்பும் இல்லாத சிறிய தாங்கியொன்றைப் புறம்பாக அமைத்து, அதை மேலிருந்து விழும் குழாயால் நிரப்ப வேண்டும் என்பதே. பிரதேச சபைகளும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் புதிய இணைப்பு கொடுக்கும்போது மீற்றரோடு நின்றுவிடாமல், உள்ளே இரண்டு தண்ணீர் ஒன்றாகச் சேரும் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்போது கட்டப்படும் தனி வீடுகளின் குழாய் வேலை, சுவர் பூசி முடியுமுன் ஒரு முறை பரிசோதிக்கப்பட வேண்டும். நுளம்புக் குடம்பியைத் தேடி வாசலுக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், அதே வருகையில் குழாயில் தொங்கும் ஹோஸையும் நிமிர்ந்து பார்த்தால் பாதிக் காரியம் முடிந்துவிடும்.

எங்கள் சங்கத்தின் கீழுள்ள பொதுக் குழாய்களின் வாயிலிருந்த திருகு மரைகளை அறுத்து, ஹோஸ் பொருத்த முடியாதபடி செய்துவிட்டோம். கானுக்குள் போன குழாயில் பாதியை மேலே எடுத்துச் சுவரோரமாகக் கொண்டுபோயிருக்கிறோம். மீதியை மாரிக்கு முன் முடிப்போம். மருந்து கலக்கும் தாங்கிக்கான இடம் தோட்டத்துக்குரியது என்பதால் அதை நாங்களாகக் கட்ட முடியாது. அதற்கு அனுமதி கேட்டு இரண்டு முறை எழுதியும் இன்றுவரை பதில் வரவில்லை.

இங்ஙனம்,
தோட்டக் குடிநீர்ச் சங்கமொன்றின் செயலாளர்,
தலவாக்கலை.