நன்றியுணர்வுக்கும் அளவும் செய்முறையும் உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

“நன்றியோடு வாழுங்கள், மகிழ்ச்சி தானாக வரும்” என்ற அறிவுரை இல்லாத ஞாயிறு இணைப்பிதழ் அரிது. வாசகரும் படித்துவிட்டு, சரிதான் என்று தலையாட்டிவிட்டு, திங்கட்கிழமை காலை பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது மறந்துவிடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. எவ்வளவு, எப்போது என்று சொல்லாமல் ‘உப்பு போடவும்’ என்று மட்டும் எழுதிய சமையல் குறிப்புதான் அவருக்குக் கிடைத்தது. நன்றியுணர்வு என்பது ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்த ஒரு பயிற்சி. அதற்கு அளவு உண்டு, முறை உண்டு, பலிக்காத இடங்களும் உண்டு. மனநல ஆலோசனைத் துறையில் இருப்பவன் என்ற முறையில் அவற்றை இங்கே எழுதுகிறேன்.

2003-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லாவும் கல்லூரி மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, வாரம் ஒருமுறை எழுதச் சொன்னார்கள். ஒரு குழு நன்றிக்குரியவற்றை, அதிகபட்சம் ஐந்து, எழுதியது. இன்னொரு குழு எரிச்சலூட்டியவற்றை எழுதியது. மூன்றாவது குழு அந்த வாரம் நடந்தவற்றை மட்டும் எழுதியது. சுமார் பத்து வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, முதல் குழுவினர் தங்கள் வாழ்க்கைக்குக் கூடுதல் மதிப்பெண் தந்தார்கள். உடல் உபாதைகளையும் குறைவாகச் சொன்னார்கள். 2005-இல் உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் சகாக்களும் வேறு விதமாகச் சோதித்தார்கள். ஒரு வாரம், தினமும் இரவில், அன்று நடந்த நல்ல விஷயங்கள் மூன்றையும் அவை ஏன் நடந்தன என்பதையும் எழுத வேண்டும். ஆறு மாதம் வரை பலன் தெரிந்தது. ஆனால் வாரம் முடிந்த பிறகும் தாங்களாகவே எழுதுவதைத் தொடர்ந்தவர்களிடம்தான் அது கூடுதலாக இருந்தது. கட்டுரைகளில் இந்தப் பின்குறிப்பு பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

இதில் உயிர்நாடி அந்த ‘ஏன்’தான். “நல்ல குடும்பம், நல்ல உடல்நலம், கடவுள் அருள்” என்று எழுதுகிறவர் மூன்றாம் நாளும் அதையேதான் எழுதுவார். ஐந்தாம் நாள் நோட்டு அலமாரிக்குப் போய்விடும். பொதுச் சொற்களில் மனம் பழகிப்போய் எதையும் உணராது. அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: “மாடியில் காயப்போட்ட துணியை மழை வருவதற்குள் கீழ்வீட்டு அக்கா எடுத்து மடித்து வைத்திருந்தார். ஏன்? இடி கேட்டதும் நாங்கள் வேலைக்குப் போயிருப்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது.” அல்லது: “டிரான்ஸ்பார்மர் பழுதாகி மதியம் கரண்ட் போனது. லைன்மேன் தூறலில் ஏறிச் சரிசெய்தார். அரைத்து வைத்த மாவு புளித்துப் போகவில்லை.” ஒரு ஆள், ஒரு செயல், அதனால் நமக்கு வந்த பலன். இந்த மூன்றும் இருந்தால் அந்த வரி வேலை செய்யும்.

செய்முறை எளிது. நாற்பது பக்கக் கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்று, ஒரு பேனா. இரவுச் சாப்பாடு முடிந்து படுக்கப் போகும்முன் பத்து நிமிடம். போனில் எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது. எழுதத் திறந்தவர் வாட்ஸ்அப்பில் போய் முடிவார். முதல் ஏழு நாள் தினமும் மூன்று. பிறகு வாரத்தில் ஒரு நாள் போதும், ஞாயிறு இரவு என்று வைத்துக்கொள்ளலாம். இது சோம்பேறிகளுக்கான சலுகை இல்லை. உளவியலாளர் சோனியா லுபோமிர்ஸ்கியின் குழு ஆறு வாரம் சோதித்ததில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது; வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. அடிக்கடி எழுதினால் அது கடமையாகிவிடுகிறது என்பதே அவர்கள் தரும் விளக்கம்.

எண்ணிக்கையை ஏற்றுவதும் கெடுதல். “நன்றிக்குரிய நூறு விஷயங்கள்” என்று சிலர் சவால் விடுகிறார்கள். பன்னிரண்டாவதிலேயே திணற ஆரம்பித்தால், “என் வாழ்க்கையில் நல்லது இவ்வளவுதானா” என்றுதான் மனம் முடிவு கட்டும். எதை நினைவுக்குக் கொண்டுவரச் சிரமப்படுகிறோமோ, அது நம்மிடம் குறைவாக இருப்பதாகவே நமக்குத் தோன்றும். மூன்றில் நிறுத்துவதன் காரணம் அதுதான்.

எழுத எதுவுமே வராத நாளில் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். இருக்கிற ஒரு நல்லது நடக்காமலே போயிருக்க என்னென்ன வழி இருந்தது என்று எழுதுங்கள். இன்றைய நெருங்கிய நண்பரைச் சந்தித்த நாளில் அந்த பஸ்ஸைத் தவறவிட்டிருந்தால்? அந்த வேலைக்கான விளம்பரம் கண்ணில் படாமல் இருந்திருந்தால்? இருப்பதை எண்ணுவதைவிட, இல்லாமல் போயிருக்கக்கூடியதை எண்ணுவது மனநிலையைக் கூடுதலாக உயர்த்துகிறது என்று 2008-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

அடுத்தது, நேரில் சொல்வது. நம் வீடுகளில் இது சங்கடம். அம்மாவிடம் போய் “தேங்க்ஸ்” என்றால், “நமக்குள்ள என்னடா இதெல்லாம்” என்று சிரிப்பார். அந்தச் சொல் வேண்டாம், செய்ததைச் சொன்னால் போதும்: “காலைல நாலரைக்கே எந்திரிச்சு புளிசோறு கட்டிக் கொடுத்தீங்களே, ரயில்ல மத்தியானம் வரைக்கும் அதாம்மா தாங்குச்சு.” பழைய ஆசிரியர், முதல் வேலைக்குச் சிபாரிசு செய்தவர் போன்றோருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதலாம். அவர் என்ன செய்தார், அதனால் எது மாறியது, இன்று நாம் எப்படி இருக்கிறோம் என்ற மூன்று மட்டும் இருந்தால் போதும். “கோடானுகோடி நன்றிகள்” வேண்டாம். கடைசி வரியில் ஒரு உதவி கேட்டுவிட்டால் மொத்தமும் பாழ். இத்தகைய கடிதம் எழுதுகிறவர்கள், பெறுபவர் நெளிவாரோ என்று அளவுக்கு மீறித் தயங்குகிறார்கள், அவருக்கு வரும் மகிழ்ச்சியைக் குறைத்து எடைபோடுகிறார்கள் என்று ஆய்வாளர்கள் அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் 2018-இல் காட்டியிருக்கிறார்கள்.

‘நேர்மறைச் சிந்தனை’ என்று சொல்லப்படுவதில்தான் எனக்குச் சண்டை உண்டு. வெற்றி பெற்றதுபோல் கண்ணை மூடிக் கற்பனை செய்யச் சொல்லும் வகுப்புகளுக்குக் கட்டணம் கட்டிப் போகிறார்கள். ஜெர்மன் உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கன், பட்டம் முடித்து வேலை தேடியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார். நல்ல வேலை கிடைப்பதாக அதிகம் கனவு கண்டவர்களுக்கு இரண்டு ஆண்டு கழித்து வேலை வாய்ப்பும் குறைவு, சம்பளமும் குறைவு. கனவிலேயே பாதி திருப்தி கிடைத்துவிட்டால் கால் எழும்பாது. அவர் சொல்லும் மாற்று இது: முதலில் ஆசை, அடுத்து அது நிறைவேறினால் வரும் பலன், பிறகு நமக்குள் இருக்கும் தடை, கடைசியில் ‘இப்படி ஆனால் இதைச் செய்வேன்’ என்ற ஒரு வரித் திட்டம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிப்பவருக்கு, “சாப்பிட்டதும் கை போனுக்குப் போனால், அதை அடுப்படி ஷெல்ஃபில் வைத்துவிட்டுப் பழைய வினாத்தாளில் பத்துக் கணக்கு போடுவேன்” என்பது திட்டம். “நன்றாகப் படிப்பேன்” என்பது திட்டமே இல்லை. தடையை ‘நேரமில்லை’ என்று எழுதுவதும் வழக்கமான பிழை. மாமியார், மேனேஜர், டிராஃபிக் எல்லாம் வெளித்தடைகள். நம் கைக்குள் இருப்பதை எழுத வேண்டும்.

இனி, செய்யக்கூடாத இடங்கள். சம்பள பாக்கியைக் கேட்கிற தொழிலாளியிடம் “வேலை இருக்கிறதே, அதற்கு நன்றியோடு இரு” என்பது அதட்டல். அடிக்கிற கணவனிடம் இருக்கும் பெண்ணை ‘அவரிடம் உள்ள நல்லதைப் பார்’ என்று திருப்பி அனுப்புவது ஆபத்து. இந்தப் பயிற்சி, குறையைக் கேட்கிறவர் வாயை அடைக்க அல்ல.

மனச்சோர்வு நோய்க்கும் இது மருந்தாகாது. மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றில் நன்றிப் பயிற்சிகளின் விளைவு சிறியதே என்று 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2021-ஆம் ஆண்டு அலசல் சொல்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, பசி போய், எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பவருக்கு நோட்டைக் கொடுத்தால், “நன்றிகூட வரவில்லையே, நான் இவ்வளவு கெட்டவனா” என்று குற்றவுணர்ச்சிதான் ஏறும். அவர் போக வேண்டியது மருத்துவரிடம். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

சில பள்ளிகளில் இதை வீட்டுப்பாடமாக்குகிறார்கள் என்பதால் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் நன்றி நோட்டை வாங்கித் திருத்தக் கூடாது, வகுப்பில் உரக்கப் படிக்கச் சொல்லக் கூடாது, மதிப்பெண் கூடவே கூடாது. படிக்கப்போவது டீச்சர் என்று தெரிந்தால், எல்லா நோட்டிலும் “என் ஆசிரியருக்கு நன்றி” என்றுதான் இருக்கும். தங்கள் நாளிதழும் இனி இவ்வகைக் கட்டுரை வெளியிடும்போது, செய்முறையை ஒரு சிறு கட்டத்தில் போட்டு, அதற்குக் கீழே 14416-ஐயும் அச்சிட்டால் நல்லது.

இப்படிக்கு,
மனநல ஆலோசகர் ஒருவர்,
திருச்சி.