பர்கூர் மாட்டுப் பட்டிகள காட்டுக்குள்ள இருக்க விடுங்க: வனத்துறைக்கும் அரசாங்கத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வனத்துறை அதிகாரிகளுக்கும் அரசாங்கத்துல முடிவெடுக்கிறவங்களுக்கும் வணக்கமுங்க.

ஈரோடு மாவட்டம் அந்தியூர் பக்கத்துல இருக்கற பர்கூர் மலைதான் எங்க ஊரு. பட்டின்னா காட்டுக்குள்ள ராத்திரியில மாட்டுமந்தைய அடைக்கிற எடமுங்க. இந்த ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு எங்க சொந்தக்காரர் ஒருத்தர் பட்டியில இருந்த தாய்மாடு, சினைமாடு எல்லாத்தையும் ஓட்டிட்டு போயிட்டாரு. காளைக்கன்ன விக்கிறது எங்களுக்கு வழக்கம், தாய்மாட்ட விக்கிறது வழக்கமே இல்லீங்க. கேட்டா, "அடுத்த வருசம் காட்டுக்குள்ள விடுவாங்களோ மாட்டாங்களோ, வெச்சிருந்து என்ன பண்றது"ன்னாரு.

2022ல ஐகோர்ட்டு மொதல்ல எல்லா காட்டுலயும் மேய்ச்சல் கூடாதுன்னுச்சு, அப்புறம் சரணாலயம், தேசிய பூங்கா, புலிகள் காப்பகத்துக்கு மட்டும்னு மாத்துச்சு, அப்பாடான்னு இருந்தோம், 2024 ஜனவரியில எங்க மலையையும் சேத்து சுமார் 80,000 ஹெக்டேர் தந்தை பெரியார் சரணாலயம் ஆயிடுச்சு, அதனால அந்தத் தடை எங்க மாட்டுக்கும் வந்துடுச்சு. இதெல்லாம் உங்களுக்கு தெரிஞ்சதுதான்.

கட்டிப்போட்டு தீனி போடுங்கன்னு சுலபமா சொல்லிடறாங்க. எங்க மாடு ஒரு நாளைக்கு ரெண்டு மூணு லிட்டர் கறந்தா பெருசுங்க, அந்தப் பால வித்து ஒரு பட்டி மாட்டுக்கு சோளத்தட்டும் வைக்கோலும் எப்படி வாங்குறது? எங்களுக்கு வருமானமே எருவுலதான். பகல்ல காட்டுல மேஞ்சு ராத்திரி பட்டியில அடையற மாடு போடற சாணி சேந்தாத்தான் லாரி ஏறி கீழ்நாட்டு மஞ்சள் தோட்டத்துக்கும் கேரளாவுக்கும் போகும், அந்தக் காசுலதான் குடும்பம் நடக்குது. பட்டி போச்சுன்னா மாடும் போச்சுங்க.

இதே மலையில பர்கூர் மாட்டு இனத்த காப்பாத்தத்தான் கால்நடை பல்கலைக்கழகத்தோட ஆராய்ச்சி நிலையம் இருக்கு, நல்லதுதான். ஆனா உறைவிந்துல கன்னு பொறக்க வைக்கலாம், செங்குத்துப் பாறையில ஏறி எறங்க, யானை வாசம் புடிச்சு ஒதுங்க அந்தக் கன்னுக்கு தாய்மாடும் மந்தையும்தான் கத்துக்குடுக்கணும்.

2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமைய தெளிவா சொல்லுது, சரணாலயத்துக்கும் அது செல்லும். 1972 வனவிலங்கு சட்டத்துலயே சரணாலயத்துல மேயற மாட்டுக்கு தடுப்பூசி போடணும்னு இருக்குங்க, மேய்ச்சலே கூடாதுன்னா தடுப்பூசி எதுக்கு? எங்க லிங்காயத்து சனங்ககிட்ட, காட்டுல 75 வருசமா இருக்கறதுக்கு ஆதாரம் காட்டணும்னு அதிகாரிங்க கேக்கறாங்க, காட்டுக்குள்ள இருந்தவங்க காகிதத்துக்கு எங்க போவாங்க? பழைய பட்டி இருந்த எடத்த வந்து பாருங்க, ஊர்ப் பெரியவங்க சொல்றத எழுதிக்குங்க, சட்டம் அதையும் ஆதாரமா ஏத்துக்குது.

காடு கெடுறதுக்கு மாடுதான் காரணம்னு பேசறவங்க, வெளிநாட்டுக் களையான உண்ணிச்செடி மூடி புல்லே மொளைக்காத எடத்த ஒரு நாள் வந்து பாக்கணும், அத பத்தி கேக்க யாருமே இல்ல. கோவத்துல கொஞ்சம் சத்தமா பேசிட்டேன், மன்னிக்கணும்.

பட்டிகள காட்டுக்குள்ள இருக்க விடுங்க. கிராமசபையில குடுத்த மேய்ச்சல் உரிமை மனுக்கள இந்த ஐப்பசி மழைக்கு முன்னாடி எடுத்து முடிவு சொல்லுங்க, இங்க இருக்கற சோளகர் பழங்குடி சனங்க மனுவையும் சேத்து. அதுவரைக்கும் தடுப்பூசி போட்ட மாட்ட மறிக்க வேண்டாம்னு கீழ இருக்கற ஆபீசுகளுக்கு எழுத்துல ஒரு உத்தரவு குடுங்கன்னு பணிவோட கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
பர்கூர் மலையில பட்டி வெச்சிருக்கற குடும்பத்துப் பையன்