அட்டையில் இருந்த எழுத்து போர்டில் இல்லை

அனுப்புநர்: ஏற்காட்டிலிருந்து ஒரு வாடிக்கையாளர்
பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர்
பொருள்: உங்கள் விமான நிறுவனத்தின் குறியீட்டில் டிக்கெட் விற்று, துணை நிறுவன விமானத்தில் ஏற்றி, கூடுதல் லக்கேஜ் கட்டணம் வாங்கியது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். போன மாதம் தங்கையின் பிரசவத்துக்காக அம்மாவை வெளிநாட்டுக்கு அனுப்பினேன். அம்மாவுக்கு 67 வயது, தமிழ் மட்டும்தான் தெரியும், விமானம் ஏறுவதும் முதல் தடவை. ராத்திரியே ஏற்காட்டில் கார் பிடித்துச் சென்னைக்குப் போனோம். டெர்மினலுக்குள் என்னை விடமாட்டார்கள் என்பதால், டிக்கெட்டில் இருந்த, உங்கள் நிறுவனத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்துக் குறியீட்டையும் விமான எண்ணையும் ஒரு அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். "போர்டில் இதே மாதிரி எங்கே இருக்குன்னு பாரும்மா" என்று சொல்லி அனுப்பினேன்.

"நீ எழுதிக் குடுத்தது எங்கயுமே இல்லடா" என்று உள்ளேயிருந்து போன் வந்தது. போர்டில் ஓடியது உங்கள் துணை நிறுவனத்தின் எழுத்தும் எண்ணும். அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அலைந்திருக்கிறார்.

அப்புறம் கவுண்டரில், "துணை நிறுவன விமானத்தில் 20 கிலோதான்" என்றார்கள். டிக்கெட்டில் அச்சிட்டிருப்பது 30 கிலோ, பெட்டி இருந்தது 27 கிலோ. அம்மா தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, ஜவ்வரிசி வடாமையும் எங்கள் தோட்டத்துக் காபித்தூளையும் எடுத்து ஓரமாக வைத்திருக்கிறார். தன் கையால் கிளறிய பிரசவ லேகியத்தை விட மனமில்லை. மீதி 4 கிலோவுக்கு 4,800 ரூபாய் கட்டினார். பேரப்பிள்ளைக்கு என்று முடிந்து வைத்திருந்த பணம் அது.

புகார் செய்தால், துணை நிறுவனத்தைக் கேளுங்கள் என்கிறீர்கள். அவர்களோ டிக்கெட் உங்களுடையது என்று திருப்பி அனுப்புகிறார்கள். டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கம் அதை வெளியிட்ட நிறுவனத்தைக் குறிக்கும். அந்த மூன்றும் உங்களுடையவை. பணம் வாங்கியதும் நீங்கள்தான்.

துணை நிறுவனம் வைத்திருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஏர் ஏசியா குழுமத்தில் மலேசிய நிறுவனத்துக்கு ஏகே, தாய்லாந்துக்கு எஃப்டி, இந்தோனேசியாவுக்கு கியூஇசட் என்று தனித்தனிக் குறியீடு. நெதர்லாந்தின் கேஎல்எம் விமான நிறுவனத்தின் துணை நிறுவனமான கேஎல்எம் சிட்டிஹாப்பரோ, கேஎல்எம்மின் கேஎல் எழுத்திலேயே பறக்கிறது. எங்கள் சேலத்துக்கு வந்த அலையன்ஸ் ஏர்கூட ஒரு காலத்தில் ஏர் இந்தியாவின் துணை நிறுவனம்தான். 2022 ஏப்ரலில் பிரிந்தபோது, எந்தக் குறியீட்டு டிக்கெட்டுக்கு யாரைக் கேட்பது என்று ஏர் இந்தியா பொது அறிவிப்பே வெளியிட்டது. நீங்களோ, இயக்குவது யார் என்பதை டிக்கெட்டின் அடியில், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்த இரண்டு எழுத்துதான் வழிகாட்டி. அதையும் மாற்றிவிட்டால் அவர்கள் யாரைப் போய்க் கேட்பார்கள்?

4,800 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். இனி இரண்டு குறியீட்டையும் இரண்டு எண்ணையும் டிக்கெட்டிலும் எஸ்எம்எஸ்ஸிலும் ஒரே அளவில் போடுங்கள். டிக்கெட்டில் எழுதிய கிலோவைக் கவுண்டரிலும் ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தர 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

கட்டண ரசீதையும், அம்மா வாட்ஸப்பில் அனுப்பிய அந்த அட்டையின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பயணியின் மகன்
ஏற்காடு, சேலம் மாவட்டம்