தகரப் பெட்டியில் வைத்த விதைநெல்

தட்டோன், பர்மா,
ஐப்பசி

அன்புள்ள முத்தையா,

உன் கடிதம் கிடைத்தது. திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் இரண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பா விதை வாங்கி வந்ததாகவும், அதை நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதே அங்குள்ள கணக்கு என்றும் எழுதியிருந்தாய். 174 பாரம்பரிய நெல் வகைகளை மீட்டெடுத்துவிட்டு 2018இல் மறைந்த நெல் ஜெயராமன் வகுத்த அந்தக் கணக்கைப் படித்ததும், நான் செய்த பிழை ஒன்று நினைவுக்கு வந்து வருத்தியது.

மூன்றாண்டுகளுக்கு முன், பாப்பூன் மலைப்பக்கமிருந்து வான்குண்டுகளுக்குத் தப்பி வந்த ஒரு கரேன் இனக் குடும்பம் எங்கள் கொல்லையில் சில மாதங்கள் தங்கியிருந்தது. அந்த வீட்டுப் பெண்மணி வேறெதையும் பெரிதாகக் கொண்டு வரவில்லை. ஒரு சுரைக்குடுவையில் சாம்பல் கலந்த எள், வெள்ளரி, பூசணி, மிளகாய் விதைகளும், துணி முடிச்சில் இரண்டு வகை மலைநெல்லும் இருந்தன. காட்டை வெட்டி எரித்து விதைக்கும் அவர்களுடைய மலைவயலான தாங்யா, நம் பழைய சொல்லில் புனம், ஓராண்டு விளைந்தபின் ஏழு முதல் பத்து ஆண்டுகள் வரை காடாக விடப்படும். அறுவடைக்கு முன்பே நல்ல கதிர்களைக் கிள்ளி எடுத்து அடுப்புக்கு மேலே புகைபடக் கட்டித் தொங்கவிடுவோம் என்று அவர் சொன்னார். 1960களில் பர்மிய இராணுவம், கிளர்ச்சியாளர்களுக்குக் கிடைத்த உணவு, பணம், உளவு, ஆள்சேர்ப்பு ஆகியவற்றைத் துண்டிக்கத் தொடங்கிய ‘நான்கு வெட்டு’ முறையில் நெற்குதிர்கள் எரிக்கப்பட்டதைக் கண்ட தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள். விதையை ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்பது அவர்களுக்குப் பாலோடு வந்த பாடம்.

ஆகவே, தாய்லாந்து எல்லை நோக்கிப் புறப்பட்டபோது ஒரு பங்கை என்னிடம் ஒப்படைத்தார். நானோ அதைப் பிஸ்கட் தகரத்தில் இட்டு அலமாரியில் பூட்டி வைத்து, இரண்டு மழைக்காலம் காவல் காத்த பெருமையில் இருந்தேன். விதையின் ஈரம் நூற்றுக்கு ஒன்று குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பார்கள். வைகாசி முதல் ஐப்பசி வரை சுவரே வியர்க்கும் இந்த ஊரில் அதன் மறுபக்கம் எப்படியிருக்கும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. சென்ற வைகாசியில் இருபது மணிகளை ஈரத்துணியில் முடிந்து வைத்தேன். மூன்று முளைத்தன. 1964இல் நீங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறும் முன், உன் அம்மா வைக்கோற்பிரி சுற்றிக் கட்டிய விதைக்கோட்டையை நாம் பந்தென்று உருட்டி அடி வாங்கினோமே, அந்த வைக்கோல் மூச்சுவிடும் என்பது இப்போதுதான் உறைத்தது.

நிலம் இழந்தவர்களின் விதை எரிந்து அழிவதை எவரும் காண்பர். விதைக்க இடமின்றி முடிச்சுக்குள்ளேயே முளைப்புத் திறன் வற்றிப் போவதை எவரும் காண்பதில்லை. இரண்டு நான்காக வேண்டுமென்றால் இடையில் ஒரு வயல் வேண்டுமல்லவா?

அந்த மூன்று நாற்றையும் கொல்லை மேட்டில், நீர் தேங்காத இடத்தில் நட்டேன். இரண்டு பிழைத்துக் கதிர் சாய்ந்திருக்கின்றன. குருவிகளுக்குப் பயந்து கொசுவலை போர்த்தியிருக்கிறேன், அக்கம்பக்கத்தார் சிரிக்கிறார்கள். அடுத்த வைகாசிக்காக மேடு முழுவதையும் கொத்தி வைத்துவிட்டு, எல்லைக்குப் போகும் ஒருவரிடம் அந்தப் பெண்மணிக்கு நடந்ததைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. உன் மாப்பிள்ளைச் சம்பா எத்தனை முளைத்தது என்று எழுது.

அன்புடன்,
சின்னையா