ஏழு மணித்தியால ஜிகோ

அன்பு மகளுக்கு,

கன நாளைக்குப் பிறகு ஒரு மெசேஜ். அதுவும் ஒரே வரி: "ஈஸ்டருக்கு ஜிகோ செய்ய வேணும், எப்படி அப்பா?" சந்தோஷம். ஆனால் எத்தனை பேருக்கு என்று எழுதவில்லையே. அது தெரியாமல் ஜிகோவுக்கு வாங்குகிற ஆட்டுத் தொடையின் நிறையைச் சொல்ல முடியாது.

ஆறு பேர் என்றால் எலும்போடு 2.2 கிலோ. எட்டுப் பேர் என்றால் 2.8, அது உன்னிடம் இருக்கிற கொகொட் சட்டிக்குள் இறங்காது. அதற்கும் மேலே என்றால் தொடையை விட்டுவிட்டு இரண்டு தோள் வாங்கு. என்னைக் கேட்டால் ஏழு மணித்தியாலச் சமையலுக்குத் தோள்தான் திறம். கொழுப்பும் சவ்வும் அதில்தான் கூட. ஆனால் மேசையில் தொடை இருந்தால்தான் பிரெஞ்சுக்காரர் அதை ஜிகோ என்று ஒப்புக்கொள்வார்கள். வாறவர்கள் பிரெஞ்சுக்காரரோ, வேறு ஆட்களோ, எனக்கு என்ன தெரியும்.

கடையில் "ஜிகோ ரக்கூர்சி" என்று கேள். இடுப்புப் பக்கத்துண்டு இல்லாமல் கட்டையாக வரும். மிச்சமிருக்கிற இடுப்பெலும்பையும் கழற்றி, கால் நுனியை அறுத்துத் தரச் சொல்லு. விலை கூடினது என்று போயாக் ஊர் ஆட்டுக்குட்டி வாங்காதே. அது தாய்ப்பாலில் வளர்ந்த இளசு, கெதியாக வாட்டி உள்ளே சிவப்பாகச் சாப்பிட வேண்டியது. கனநேரம் அடுப்பில் வைத்தால் வீண். இந்த முறையே முற்றின ஆட்டுக்கு வந்தது. சிஸ்தெரோன் பக்கத்து ஆடோ கெர்சி பக்கத்து ஆடோ போதும்.

ஞாயிறு மதியச் சாப்பாடு என்றால் சனியே சமை. சனிக்கிழமை மச்சமா என்று அம்மா கேட்கிறா. நீ கேட்காத மாதிரி இரு.

வெள்ளி இரவு கிலோவுக்கு 10 கிராம் உப்புத் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வை. சனி காலை எடுத்து வெளியே ஒரு மணித்தியாலம் வைத்துவிட்டு, பேப்பரால் நல்லாய்த் துடை. ஈரம் இருந்தால் நிறம் பிடிக்காது, அவிந்துபோகும். கொகொட்டில் எண்ணெய் விட்டு, நடுத்தர நெருப்பில் எல்லாப் பக்கமும் மண்ணிறமாகும் வரை பிரட்டு. கால் மணித்தியாலம் எடுக்கும், அவசரப்படாதே. இறைச்சியை வெளியே எடுத்து, அதே எண்ணெயில் மூன்று வெங்காயம், நாலு கரட். பிறகு 5 சென்டிலீட்டர் கொன்யாக் பிராந்தி. மேலே புகை உறிஞ்சுகிற மெஷின் ஓடும்போது அதைப் பற்றவைக்காதே. அரை லீட்டர் வெள்ளை வைன் விட்டுப் பாதியாக வற்றவிடு, இல்லாவிட்டால் கடைசிவரை பச்சைப் புளிப்பு நிற்கும். அரை லீட்டர் உப்பில்லாத ஸ்டொக், குறுக்காக வெட்டின ஒரு முழு வெள்ளைப்பூடு, தைம், இரண்டு லொரியே வாசனை இலை. இறைச்சியைத் திரும்ப உள்ளே வை. தண்ணி இறைச்சியின் மூன்றில் ஒரு பங்கு உயரம் வந்தால் காணும். மேலே பேக்கிங் பேப்பர், அதற்குமேல் மூடி. மூடியைச் சுற்றி மாப்பூசி ஒட்டுவது பார்க்க வடிவுதான், ஆனால் இடையில் திறந்து திருப்ப முடியாது.

அடுப்பில் கொதி தொடங்கினதும் ஓவனுக்குள் வை: 120 டிகிரி, விசிறி ஓடினால் 105. ஓவன் குமிழில் இருக்கிற எண்ணை நம்பாதே, உள்ளே ஒரு தெர்மோமீட்டர் தொங்கவிடு. மூடியைத் திறந்தால் இங்கொன்று அங்கொன்றாகக் குமிழி வர வேணும், தளதளவென்று கொதிக்கக் கூடாது. கொதித்தால் தசைநார் இறுகித் தன் தண்ணியைப் பிழிந்து விட்டுவிடும். பிறகு சாறுக்குள் கிடந்தாலும் இறைச்சி பஞ்சு மாதிரித்தான். 120. பாதி நேரத்தில் ஒருக்கா திருப்பிவிடு.

நாலாவது மணித்தியாலம் குத்திப் பார்த்தால் ரப்பர் மாதிரி இருக்கும். அதிலேதான் எல்லோரும் பயந்து சூட்டைக் கூட்டுகிறவை. நீ கூட்டாதே. சவ்வு கரைய, உள்சூடு 80ஐத் தாண்டி அங்கேயே கனநேரம் நிற்க வேணும். கால் எலும்பைப் பிடித்துத் திருப்பும்போது கழன்று வந்தால் சரி.

சாறுக்குள்ளேயே ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வை. காலையில் வெள்ளையாக உறைந்த கொழுப்பை வழித்தெடு. இறைச்சியை இரண்டு அகப்பையால் தாங்கித் தூக்கு, இல்லாவிட்டால் உடையும். சாறை வடித்துப் பாதியாக வற்றவைத்து, அதற்குப் பிறகுதான் உப்புப் பார். மூடி வைத்து 120இல் ஒன்றரை மணித்தியாலம் சூடாக்கு. கடைசி இருபது நிமிஷம் மூடியைத் திறந்து, சாறை அள்ளி அள்ளி மேலே விட்டால் மினுங்கும். சாப்பாட்டுக் கோப்பைகளையும் சூடாக்கு. ஆட்டுக்கொழுப்பு கெதியாக உறையும், குளிர்ந்த கோப்பையில் போட்டால் உதட்டில் ஒட்டும். முதல்முதல் சாப்பிட வாற ஆட்களுக்கு அது சரியான வெட்கக்கேடு.

ஒரு கரண்டி கறித்தூள் போட்டால் என்ன என்று அம்மா. போடாதே. உன் கைக்கு அது தேவையில்லை; இங்கே குசினியில் நிற்கிற பெடியங்களை விட நீ வடிவாகச் செய்வாய். அந்தக் கைக்கு ஃபோன் எடுக்கத்தான் நேரமில்லை.

எட்டுப் பேர் என்றால் பெரிய ஓவல் கொகொட் வேணும். அது வீட்டில் சும்மா கிடக்கிறது. பாரம் கூட, தபாலில் அனுப்ப ஏலாது. சனி முதல் ரயிலில் நானே கொண்டுவந்து தந்துவிட்டு, பின்னேர ரயிலில் திரும்பலாம், ஞாயிறு நிற்க மாட்டேன். வர வேண்டாம் என்றால் அதையும் எழுது. உன் ஓவனின் உள் அகலத்தை அளந்து அனுப்பு, கொகொட் காதோடு 42 சென்டிமீட்டர். 120, மறந்துவிடாதே.

அப்பா