மாடு வாங்குவதற்கு முன்னால்

திருப்பூர்

அன்பு மாப்ளைக்கு,

நேற்றுப் பொழுதோட இங்கே நல்ல மழை. உங்கள் தோட்டத்திலும் பெய்திருந்தால் போர்வெல்லில் கொஞ்சம் தண்ணீர் ஊறியிருக்கும். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

எச்.ஆர். வேலையை விட்டுவிட்டு மாடு கட்டப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, கொஞ்சம் பொறு. போன வருசம் நானும் அதே வெசனத்தில்தான் கிடந்தேன். காலையில் பனியன் கம்பெனியில் என் ரூமைத் திறந்தால் வாசலில் பத்துப் பேர் நிற்பார்கள். லீவு கேட்டதுக்கு சூப்பர்வைசர் திட்டினார், அரை ஷிப்ட் குறைச்சுப் போட்டுட்டார், பக்கத்து மெஷின்காரனோடு சண்டை. பி.எஃப். வேலையெல்லாம் ராத்திரிக்குத் தள்ளிப்போகும்.

ஒரு நாள் ஓவர்லாக் தையல் மெஷின் அடிக்கும் ஒடிசாப் பையன் விரலில் கட்டோடு வந்து நின்றான். ஊசி நகத்தைத் துளைத்து இறங்கி, மூன்று நாள் ரூமிலேயே படுத்திருக்கிறான். புது சூப்பர்வைசர் அவன் கையில் இருநூறு ரூபாயைத் திணித்து கிளினிக்குக்கு அனுப்பியதோடு சரி. ஷிப்மெண்ட் அவசரத்தில் என்னிடம் மூச்சு விடவில்லை. இந்த மாதிரி காயத்துக்கு ஈ.எஸ்.ஐ., அதான் தொழிலாளர் காப்பீடு, கூலியில் 90 சதவீதம் தரும். விபத்து அறிக்கையே போகாமல் அது எங்கிருந்து வரும்? அதை ஒட்டுப்போட எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

கோபமாகத்தான் அந்த சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். "நல்லாத் தைக்கறேன்னு சூப்பர்வைசர் ஆக்கிப்போட்டீங்க. மத்ததெல்லாம் யாருங்க சொல்லிக் குடுத்தா?" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை.

அப்போதுதான் நாம் பரீட்சைக்கு மட்டும் படித்த டி.டபிள்யூ.ஐ. (Training Within Industry) என்ற மேஸ்திரிப் பயிற்சி ஞாபகம் வந்தது. போர்க்காலத்தில் அவசர அவசரமாக மேஸ்திரி ஆனவர்களுக்காக அமெரிக்காவில் 1940-இல் தொடங்கியது. அதில் ஆட்களை நடத்தும் பாடம் மொத்தமே பத்து மணி நேரம்தான், இரண்டிரண்டு மணியாக ஐந்து அமர்வு. விவரம் முழுக்கக் கேள், யோசித்து முடிவெடு, செய், அப்புறம் போய்ப் பார். இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொருவரும் தன் லைனில் நடந்த ஒரு தகராறைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் அலச வேண்டும். பாடமே அதில்தான் இருக்கிறது. ஏ.சி. ஹாலில் ஸ்லைடு ஓட்டி பிரியாணி போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இதை எங்கள் சூப்பர்வைசர்களுக்கு நடத்தலாம் என்றதும், "லைன் நின்னா யாரு பதில் சொல்றது?" என்றார் முதலாளி. டீ டைமுக்குப் பிறகு வைத்துக்கொள்கிறேன் என்று சம்மதிக்க வைத்தேன். லீவு, ஷிப்ட் கணக்கு, சில்லறைச் சண்டை எல்லாம் இப்போது லைனிலேயே முடிகிறது. காயம் பட்டால் அரை மணிக்குள் எனக்குப் போன் வந்துவிடுகிறது. வாசலில் இரண்டு மூன்று பேர்தான்.

ஒன்று மட்டும் கவனம். பெண்பிள்ளைகள் பாலியல் தொல்லை என்று வந்தால் சூப்பர்வைசர் பஞ்சாயத்துப் பண்ணக் கூடாது. வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கான 2013 சட்டப்படி அது கம்பெனியின் புகார் கமிட்டிக்குத்தான் போக வேண்டும். எங்கள் சூப்பர்வைசர் ஒருத்தர் "பேசி முடிச்சுட்டேனுங்க" என்று சிரித்துக்கொண்டே வந்தார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அன்றைக்கே அந்தப் பெண்ணைக் கமிட்டிக்கு அழைத்துப் போனேன். இன்னொருத்தருக்கு எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. சம்பளத்தைக் குறைக்காமல் சாம்பிள் செக்‌ஷனுக்கு மாற்றினேன். ஆள் இப்போது பாட்டுக் கேட்டுக்கொண்டே தைக்கிறார்.

நாலு படியையும் தமிழிலும் இந்தியிலும் அட்டையில் அடித்திருக்கிறேன். இத்துடன் இரண்டு வைத்திருக்கிறேன். மாடு வாங்குவதென்றால் சித்திரையில் கண்ணபுரம் சந்தைக்குச் சேர்ந்தே போகலாம். அதுவரைக்கும் ராஜினாமா எழுதிவிடாதே.

உன்,
மாப்ள