சித்தப்பாவுக்கு, விராலடிப்பான் விஷயமாக

டன்கெல்ட், ஸ்காட்லாந்து
செப்டம்பர் 6

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

மகேஸ்வரி எழுதுவது. நான் நலம். அங்கே சித்தி, தம்பி, ஆச்சி எல்லாரும் சுகம்தானே? சித்தி முட்டுவலிக்குக் கேட்ட தைலத்தை இங்கிருந்து அனுப்புவதில் அர்த்தமில்லை, திருநெல்வேலியிலேயே இதைவிட நல்லது கிடைக்கும் என்று சொல்லிவிடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் பேசியது பாதிதான் கேட்டது. மீன்பாசிக் குத்தகை இந்த வருஷம் ஏறிப்போனது கேட்டது. மீன்குஞ்சு விட்டதும் கேட்டது. "ஐப்பசி பிறந்தா அந்த மீன்பருந்து வந்திரும், இந்தத் தடவை வேட்டுப் போட்டு விரட்டப்போறேன்" என்று சொன்னதும் நன்றாகவே கேட்டது. அதற்குள் லைன் போய்விட்டது. மறுபடி கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் சண்டைக்கு நிற்கிற மாதிரி இருக்கும், நீங்களும் "சரி சரி" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று தெரியும். கோயில் கோபுரத்துக்கு மேலே வட்டமடிக்கிற கருடன் இல்லை. வயிறெல்லாம் வெள்ளை, கண்ணை ஒட்டி ஒரு கறுப்புப் பட்டை, தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, காலை முன்னால் நீட்டித் தொப்பென்று விழுமே, அந்த விராலடிப்பான். சிரிக்காதீர்கள், அதே இனத்துக்குத்தான் நான் இங்கே லீவு நாளில் காவல் இருக்கிறேன். சம்பளம் கிடையாது. டீ உண்டு.

டன்கெல்ட் டே ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர். பழைய மாதாகோயில், ஒரு பாலம், நாலைந்து கடைகள். நான் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்திலிருந்து பக்கத்து ஏரிக்கு நடந்தே போய்விடலாம். லாக் ஆஃப் தி லோஸ் என்று பெயர். ஸ்காட்டிஷ் வைல்ட்லைஃப் டிரஸ்ட் என்ற அமைப்பு அதைப் பார்த்துக்கொள்கிறது. கரையில் மரத்தால் கட்டிய ஒரு குடில். அதற்கு ஏறக்குறைய 150 மீட்டர் தள்ளி ஒரு மரத்து உச்சியில் கூடு. எங்கள் இல்லத்தில் சமையல் பார்க்கிற அம்மாள்தான் முதலில் கூட்டிப்போனார். ராத்திரி ஷிஃப்ட் பார்த்துப் பழகியவள் என்று தெரிந்ததும் அங்கிருந்தவர்கள் என் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கூட்டில் முட்டை இருக்கிற காலத்தில் அவர்களுக்கு ராத்திரி விழித்திருக்கத்தான் ஆள் வேண்டும்.

ஏன் விழித்திருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். திருடன் வருவான், சித்தப்பா. மீனுக்கு இல்லை, முட்டைக்கு. பறவை முட்டையை ஓட்டை போட்டு, உள்ளே இருப்பதை ஊதி எடுத்துவிட்டு, வெற்று ஓட்டினை மட்டும் பஞ்சில் வைத்துப் பெட்டியில் அடுக்கி அழகு பார்க்கிற ஒரு கூட்டம் இந்த நாட்டில் ரொம்ப காலமாக உண்டு. விற்கவும் மாட்டார்கள், தின்னவும் மாட்டார்கள். அரிதான பறவை என்றால் ஆசை கூடும். ஒரு பக்கம் இவர்கள், இன்னொரு பக்கம் மீன் போகிறதே என்று சுட்டவர்கள். இரண்டு பேருமாகச் சேர்ந்து, 1916-க்குப் பிறகு ஸ்காட்லாந்தில் விராலடிப்பான் கூடே இல்லை என்கிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

1954-ல் ஒரு இணை தானாகவே வந்து, இங்கிருந்து வடக்கே உள்ள லாக் கார்ட்டன் ஏரிப்பக்கம் கூடு கட்டியது. 1958-ல் அந்தக் கூட்டுக்குக் காவல் போட்டிருந்தார்கள். அப்படியும் இருட்டில் ஒருவன் மரமேறிவிட்டான். ஆள் வருவதைப் பார்த்து இறங்கி ஓடினான். மரத்தடியில் இரண்டு முட்டை உடைந்து கிடந்தது. கூட்டில் ஏறிப் பார்த்தால் அங்கே இரண்டு முட்டை! கோழி முட்டை. பழுப்பு பூட்ஸ் பாலிஷ் தடவி வைத்திருக்கிறான். திட்டம் போட்டு வந்தவன்தான். ஆத்திரமாக வந்தாலும், பாலிஷ் டப்பாவோடு மரமேறினவனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வந்துவிடும்.

மறுவருஷம் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் என்பவர் செய்த காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் ஸ்காட்லாந்துப் பொறுப்பில் இருந்தவர். மற்றவர்களாக இருந்தால் கூடு இருக்கிற இடத்தை மூடி மறைத்திருப்பார்கள். இவர் ஊருக்கெல்லாம் சொன்னார், வாருங்கள், பாருங்கள் என்றார். 1959-ல் அந்த ஒரு கோடையில் மட்டும் 14,000 பேர் வந்து பார்த்தார்கள். மரத்தைச் சுற்றி முள்கம்பி, ராப்பகலாக ஆள், இத்தனை ஜோடிக் கண்கள். குஞ்சு பொரித்துப் பறந்தும் போனது. இப்போது இந்த நாடு முழுவதும் ஏறக்குறைய 250, 300 இணை இருக்கிறது.

இங்கே எல்லாம் பருவத்தை வைத்துத்தான். மார்ச் கடைசியில் முதல் பறவை வந்து இறங்கும். ஆணும் பெண்ணும் குளிர்காலத்தில் சேர்ந்து இருப்பதில்லை. ஆப்பிரிக்காவில் செனகல், காம்பியா பக்கம் தனித்தனியாக இருந்துவிட்டு, தனித்தனியாகவே கூட்டுக்கு வந்து சேரும். ஒன்று வந்து மற்றது வராத நாட்களில் குடிலில் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். ஏப்ரலில் முட்டை, பெரும்பாலும் மூன்று. அப்போதும் இங்கே பனி விழும். பெண் பறவை அசையாமல் உட்கார்ந்திருக்க, முதுகில் வெள்ளையாகப் படிந்துகிடப்பதைக் கேமராவில் பார்த்திருக்கிறேன். அடைகாப்பு ஐந்து வாரத்துக்குச் சற்று மேலே. அதுவரை நாங்கள் முறை வைத்து விழித்திருப்போம். காவல் என்றதும் கம்பும் டார்ச்சும் நினைக்காதீர்கள். ஸ்கிரீனைப் பார்க்க வேண்டும், காதைத் தீட்டி வைத்திருக்க வேண்டும், நோட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான். மே மாதக் கடைசியில் பத்தரை மணிவரைக்கும் வெளிச்சம், மறுபடி மூன்று மணிக்கெல்லாம் விடிய ஆரம்பித்துவிடும், எனவே ராத்திரி என்பதே கொஞ்சநேரம்தான்.

நோட்டில் எழுதுவது என்ன தெரியுமா? எத்தனை மணிக்கு மீன் வந்தது, என்ன மீன், முழுசா பாதியா. பெரும்பாலும் தலை இருக்காது. ஆண் பறவை மீனைப் பிடித்ததும் வேறொரு மரத்தில் உட்கார்ந்து தலையைத் தின்றுவிட்டு, மீதியைத்தான் வீட்டுக்குக் கொண்டுவரும். நம் வீட்டில் தலை யாருக்குப் போகும் என்று சித்தியிடம் கேட்டுப் பாருங்கள்.

குஞ்சுகளுக்கு ஐந்தாறு வாரம் ஆனதும் லைசென்ஸ் உள்ளவர் மரமேறி, பையில் போட்டு இறக்கி, காலில் வளையம் மாட்டுவார். ஸ்காட்லாந்துக் குஞ்சுக்கு இடது கால், இங்கிலாந்து, வேல்ஸ் குஞ்சுக்கு வலது கால். இந்த ஜூலையில் காட்டுக்குள் வேறொரு கூட்டில் அதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். புல்லில் கிடத்தினதும் மூன்றும் செத்ததுபோலத் தட்டையாகப் படுத்துக்கொண்டன. கண் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் முழித்துக்கொண்டிருந்தது. வளையக்காரர் ஒரு காலைத் திருப்பிக் காட்டினார். பாதம் பூராவும் ஆசாரி கையில் இருக்கிற உப்புத்தாள் மாதிரி, பொடிப்பொடி முள். வழுக்குகிற மீன் அதில் சிக்கினால் நழுவாது. வெளிவிரல் ஒன்றைப் பின்பக்கமும் திருப்பிக்கொள்ள முடியும், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று இடுக்கிப் பிடிக்கும். பிடித்த மீனைத் தலை முன்பக்கம் வருமாறு திருப்பிக்கொண்டுதான் பறக்கும், காற்று தடுக்காமல் இருக்க.

இந்த ஏரியில் முன்பு ஒரு பெண் பறவை இருந்தது. 'லேடி' என்று கூப்பிட்டார்கள். காலில் வளையம் இல்லாததால் கண்ணில் இருந்த ஒரு கறையை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தார்கள். 24 வருஷம் தொடர்ந்து வந்து, 71 முட்டை இட்டு, 50 குஞ்சைப் பறக்கவிட்டது. 2014-க்குப் பிறகு அது வரவில்லை. பழைய ஆட்கள் அதைப் பற்றிப் பேசும்போது ஊர்ப் பெரிய மனுஷியைப் பற்றிப் பேசுகிற தொனிதான்.

ஆகஸ்டில் பெண் முதலில் கிளம்பிவிடும். ஆண் பின்தங்கிக் குஞ்சுகளுக்கு மீன் கொடுத்துவிட்டுப் போகும். குஞ்சுகளுக்கு வழி சொல்ல யாரும் கிடையாது, அதுவாகவே ஆப்பிரிக்கா போய்ச் சேரவேண்டும். எங்கள் கூடு இந்த வாரம் காலி. இனி மழை, இருட்டு. டிசம்பரில் மதியம் மூன்றரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அந்த மாதங்களில்தான் இங்கே ஆட்கள் காட்டுக்குள் போய், சாய்ந்துபோன கூடுகளுக்கு முட்டுக் கொடுப்பதும், பைன் மர உச்சியில் பலகை அடித்துச் சுள்ளி அடுக்கிப் புதுக்கூடு வைப்பதும்.

இந்த ஊரில் எல்லாரும் புண்ணியவான்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2014-ல் வடக்கே கோனன் பிரிட்ஜ் என்ற ஊர்ப்பக்கம் ரெட் கைட் என்கிற பருந்து 16-ம், பசார்ட் என்கிற இன்னொரு வல்லூறு 6-ம் செத்துக்கிடந்தன. பெரும்பாலானவற்றில் விஷம் இருந்தது உறுதியானது. 2021 ஏப்ரல் கடைசியில் வேல்ஸில் லின் பிரெனிக் ஏரியில், விராலடிப்பான் முதல் முட்டை இட்ட கூட்டுக் கம்பத்தை ராத்திரியோடு ராத்திரியாக ரம்பம் வைத்து அறுத்துவிட்டார்கள். எங்கள் டன்கெல்ட்டுக்குப் பக்கத்திலேயே பிரான் ஆற்றங்கரையில் 2020-ல் ஒரு பொன்கழுகு எங்கே பறக்கிறது என்று காட்டுகிற சாட்டிலைட் கருவி கிடைத்தது. சிக்னல் போகக்கூடாது என்று ஈயத்தகட்டில் சுற்றி எறிந்திருந்தார்கள். 2016-ல் காணாமல் போன கழுகு அது. குரௌஸ் என்ற ஒரு பறவையைப் பணக்காரர்கள் சுட்டு விளையாட மலையையே வளைத்து வைத்திருக்கிறார்கள். அந்த மலைகளில்தான் கருவி கட்டிய கழுகுகள் அடிக்கடி காணாமல் போயின. 2024-ல்தான் அந்த வேட்டைக்கு லைசென்ஸ் வேண்டும் என்று ஸ்காட்லாந்தில் சட்டம் வந்தது. கஷ்டப்பட்டு மீன் வளர்க்கிற உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இவர்கள் கோபம் என்ன கோபம் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

இப்போது நம் குளத்துக்கு வருவோம். இங்கிருந்து போகிற பறவை நம்மூருக்கு வராது. நம்மிடம் வருவது ஆசியாவின் வடக்கேயிருந்து. ஆனால் வயிறு ஒன்றுதான். ஒரு விராலடிப்பான் நாளுக்கு 300, 400 கிராம் மீன் தின்னும். 400 என்றே வையுங்கள். ஐப்பசியிலிருந்து பங்குனி தொடங்கும்வரை 150 நாள். 60 கிலோ. அதிலும் பாதி சிலேபியாகத்தான் இருக்கும், பக்கத்துக் குளத்திலும் அது கை வைக்கும். கூட்டமாக வந்து முங்குகிற நீர்க்காகம் எத்தனை கிலோ தின்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். வேட்டுப் போட்டால் நீர்க்காகம் அரைமணி நேரத்தில் திரும்பி வந்துவிடும். இது வராமலே போகலாம். அதாவது அதிகம் தின்பது தங்கும், கொஞ்சம் தின்பது ஓடும்.

சட்டமும் பார்க்கவேண்டும். நம்மூர் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இது முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கிற அதே அட்டவணை. தம்பியின் சேக்காளிகள் யாராவது உண்டிவில்லோடு கரையில் நின்றால் காதைத் திருகி அனுப்புங்கள்.

இன்னொன்று. இங்கே வடக்கே ஏவிமோர் என்ற ஊர்ப்பக்கம் ராத்திமர்கஸ் என்று ஒரு எஸ்டேட். டிரவுட் மீன் வளர்க்கிற குளம் வைத்திருக்கிறார்கள். விராலடிப்பான் விடிகாலையில் அதில் வந்து விழும். விரட்டவில்லை. தண்ணீர் மட்டத்துக்குக் குடில் கட்டி, கேமராக்காரர்களிடம் காசு வாங்கி உட்காரவைக்கிறார்கள். மீன் போனாலும் காசு வருகிறது. நம் குளத்தில் நாளைக்கே இது நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் கூந்தன்குளத்துக்கு எத்தனை கார் வருகிறது என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? அந்த ஊர்க்காரர்கள் வீட்டு மரத்தில் மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டினால் தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறார்கள், எச்சத்தை வயலுக்கு உரமாக எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே நான் கூந்தன்குளத்தைப் பற்றிச் சொன்னபோது குடிலில் இருந்தவர்கள் ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்டார்கள்.

வேட்டுக்கு வைத்திருக்கிற காசில், குஞ்சு விட்ட மூலைக்கு மட்டும் மேலே வலை கட்டிவிடுங்கள். குஞ்சு விரல் நீளம் தாண்டுகிற வரைக்கும் போதும். வலைக்கண் சின்னதாக, கயிறு தடிமனாக, விறைப்பாக இருக்கட்டும், லேசான நரம்பு வலை கட்டினால் கொக்கு மாட்டிச் சாகும். போதவில்லை என்றால் அம்மாவிடம் சொல்லுங்கள், இந்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன்.

அது வந்ததும் தம்பியிடம் சொல்லி என்றைக்கு வந்தது என்று காலண்டரில் குறிக்கச் சொல்லுங்கள். கரையில் பட்டமரம் நிற்கிறதே, அதில்தான் மீனைக் கொண்டுவந்து தின்னும். கிட்டப் போகவேண்டாம், மடையிலிருந்தே போனில் பெரிதாக்கி ஒரு போட்டோ. காலில் வளையம் இருக்கிறதா, எந்தக் கால், என்ன எழுத்து, என்ன எண் என்று பார்த்து அனுப்பினால் போதும், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு நான் எழுதிக் கேட்கிறேன். பட்டமரத்தை விறகுக்கு வெட்டவேண்டாம் என்று பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

ஆச்சிக்குப் போன மாதம் அனுப்பிய ஸ்வெட்டர் வந்து சேர்ந்ததா என்று யாருமே சொல்லவில்லை.

அன்புடன்,
மகேஸ்வரி